பகீரதனின் அன்ரெனா

உதை வையும் ஐசே. வையும் எண்டு சொல்லுறன். அந்தத் தும்புத்தடி மாதிரிக் கிடக்கிறதை ஏன் தூக்குறீர்? மலிவெண்டோ? மலிவா இருக்கிறபடியாத்தான் வாசலிலை தொங்கவிட்டிருக்கிறாங்கள். நல்ல சாமான் எல்லாம் அங்காலை, சுவர்ப் பக்கம். வாரும் காட்டுறன். முதல் முதல் சொந்தமா ட்ரக் எடுத்திருக்கிறீர், றேடியோ அன்ரெனா விஷயத்திலை பிழை விட்டிட்டுப் பேந்து அழக்கூடாது.

என்னை ஆரெண்டு தெரியுந்தானே? தவநேசன். வதனியின்ர தமையன். நீர் வதனி வீட்டு பேஸ்மெண்டிலை வாடகைக்கு இருக்கிறனீர் எண்டு ட்ரக் யார்டிலை சொன்னவங்கள். நீர் அன்ரெனா வாங்க வெளிக்கிடுறீர் எண்டு கேள்விப்பட்டதும் நானும் வாறன் எண்டு ஏறினதுக்கு அதுவும் ஒரு காரணம். முழிக்காதையும், பெரிய அலுவல் ஒண்டுமில்லை. வாற கிழமை அந்த வீட்டிலை ஆட்டைத் திவசம், செத்து வருசம் முடியிற திவசம். ஐயருக்குச் சொல்லியாச்சாம். சமையலுக்குச் சொல்லியாச்சாம். ஒண்டுவிட்ட சித்தப்பன்ர பேரனுக்குக் கூடச் சொல்லியாச்சாம். எனக்குச் சொல்லேல்லை. கூடப்பிறந்தவன் எனக்குச் சொல்லேல்லை. நீர் அவளுக்கு என்ர பக்கத்து ஞாயத்தை ஒருக்கா எடுத்துச் சொல்லோணும். அவ்வளவுதான் அலுவல். அது பேந்து பாப்பம். முதல்லை அன்ரெனா.

இஞ்சை பாரும். இது ஃபைபர், நீர் தூக்கின தும்புத்தடியும் இந்தச் சாதிதான். உள்ளுக்கைக் கம்பி சுத்திக்கிடக்கும், வெளியிலை உறை. மரக்கொப்பிலை அடிச்சாலும் முறியாது, வளைஞ்சு நிமிரும். அதுதான் அதின்ர ஒரே நல்ல குணம். இது இரும்பு. நடுவிலை போத்தில் அளவு கம்பிச்சுருள் இருக்குப் பாத்தீரோ? இதுதான் ஆம்பிளை அன்ரெனா. இதிலை ரெண்டு வேணும், ரெண்டு பக்கக் கண்ணாடிக்கும் ஒவ்வொண்டு. ஒண்டு மட்டும் பூட்டினால் ட்ரெயிலர் மறைச்சு ஒரு பக்கத்தை விழுங்கிப்போடும். என்ர ட்ரக்கைக் கண்டிருப்பீர். கொம்பு வைச்ச மாடு வருது எண்டு பகீரதன் பகிடி பண்ணுறவன்.

பகீரதனை உமக்கு ஆளாத் தெரியாது, படமாத் தெரியும். மேல் வீட்டு ஹோலிலை மாலை போட்டுக் கிடக்கே, அவன்தான். வதனியின்ர மனிசன். முறைக்கு எனக்கு மச்சான், ஆனா வதனி கூப்பிடுற மாதிரி அவனும் என்னை அண்ணை எண்டுதான் கூப்பிடுவான். போன பெப்ரவரி, வாவா எண்ட ஊர் தாண்டி, ஏரிக்கரை றோட்டிலை செத்தவன். ஸ்னோவாலை செத்தவன் எண்டு பொலிஸ் எழுதினது. ஸ்னோவாலை இல்லை. அன்ரெனாவாலை. நீர் இப்ப கையிலை எடுத்தீரே, அந்தச் சாதி அன்ரெனாவாலை. இதை நான் ஊரெல்லாம் சொல்லிப்போட்டன். வதனி ஒருத்திக்குத்தான் விளங்குதில்லை.

என்ன, ஏதோ சொல்ல வாறீர்? பொறும். நான் துவங்கினதைச் சொல்லி முடிக்கிறன்.

உமக்கு சிபி றேடியோ புதுசெல்லே. லைசென்சுக்குப் படிப்பிக்கிற இடத்திலை உதொண்டும் சொல்லித் தரமாட்டாங்கள். ஏரிக்கரையாலை போகேக்கை மணிக்கணக்கா ஃபோன் வேலை செய்யாது. ட்ரக்குக்கும் ட்ரக்குக்கும் இந்தப் பெட்டிதான் வாயும் காதும். மைக்கின்ர விலாவிலை ஒரு பட்டன் இருக்கு. அமத்தினால் கதைக்கலாம், விட்டால் கேக்கலாம். ஃபோன் மாதிரி ரெண்டும் ஒண்டா நடக்காது. நீர் அமத்திக்கொண்டிருக்கிற மட்டும் மற்றவன் தொண்டை கிழியக் கத்தினாலும் உமக்குக் கேளாது. அதாலை அளவாக் கதைக்கோணும். சில பேர் மைக்கைப் பிடிச்சால் விடாங்கள். விசரங்கள்.

அதிலை பத்தொன்பதாம் சனல் எண்டு ஒண்டு இருக்கு. அது எல்லாருக்கும் பொது. எங்கை விபத்து, எங்கை றோட்டுப் பூட்டு, எல்லாம் அதிலைதான் வரும். நானும் ஒரு காலத்திலை அதிலைதான் நிண்டனான். ஒருநாள் நிப்பிகன் ஊருக்குக் கிட்ட ஒரு மூஸ் மான், எருமையிலும் பெரிசு, நடு றோட்டிலை நிண்டது. பின்னாலை வாறவன் அடிபட்டுச் சாகக்கூடாதே எண்டு மைக்கை எடுத்து என்ர இங்கிலிசிலை சொன்னன். நல்லதுக்குத்தானே சொன்னன்? ஒருத்தன் நான் சொன்னதை என்ர குரலிலையே திருப்பிச் சொல்லிக் காட்டினான். பிறகு இன்னொருத்தன் சொன்னான். பேந்து ஒரே சிரிப்பு. ஒருத்தன் குரங்கு கத்துற மாதிரிக் கத்தினான். ஐசே, நான் நாட்டிலை ஆமிக்காரனிட்டை அடி வாங்கினனான், அதுக்கு அழேல்லை. அண்டைக்கு ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதனான். உமக்குச் சொல்ல எனக்கென்ன வெக்கம்.

அண்டைக்குப் போட்டன் சட்டம். எங்கட ஆக்கள் இனிப் பத்தொன்பதிலை நிக்கக்கூடாது. முப்பத்திநாலு எங்கட சனல், முழுக்கத் தமிழ். நான், பகீரதன், வேறை ரெண்டு பொடியள். எங்கட வளவுக்குள்ளை நிண்டு கதைக்கிற மாதிரி ஒரு நிம்மதி. பகீரதன் மட்டும் ஒருக்கா, "அண்ணை, றோட்டு நிலவரம் தெரியோணுமே, இடைக்கிடை பத்தொன்பதையும் பாப்பமே" எண்டவன். "உனக்குச் சூடு சுரணை இல்லையோ?" எண்டு ஒரு கேள்விதான் கேட்டன். பேந்து அவன் வாய் திறக்கேல்லை. நல்ல பிள்ளை. சொல்வழி கேக்கிற பிள்ளை. அன்ரெனா ஒண்டிலைதான் கேக்கேல்லை.

இதே கடை. நீர் நிக்கிற அந்த இடத்திலைதான் நிண்டவன். நான் இரும்பிலை சோடியாக் கையிலை எடுத்துக் குடுக்கிறன், அவன் அந்தத் தும்புத்தடியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான். "அண்ணை, நான் உங்களோடை மட்டுந்தானே கதைக்கிறனான். நீங்களும் எனக்குப் பின்னாலைதானே வாறியள். இது காணும்." எனக்குச் சரியான கோவம். அதைக் கொண்டுபோய்ப் பூட்டி, மீற்றர் வைச்சுப் பாத்து, தலைப்பிலை கொஞ்சம் கொஞ்சமாத் திருகி, ஒரு பின்னேரம் முழுக்க மினக்கெட்டான். "வடிவா வேலை செய்யுது அண்ணை, நீங்கள் பக்கத்திலை இருந்து கதைக்கிற மாதிரிக் கேக்குது" எண்டு சிரிச்சான். அந்தச் சிரிப்பு இப்பவும் என்ர கண்ணுக்குள்ளை நிக்குது.

அவன்தான் முன்னுக்கு ஓடுறது. எனக்குக் கண் இப்ப கொஞ்சம் மங்கல், ஸ்னோ அடிச்சால் றோட்டுக் கோடு தெரியாது. அவன்ர பின் லைட்டைப் பிடிச்சுக்கொண்டு போனால் சுகம். ஆனா அவனைக் கொண்டு சும்மா வேலை வாங்கினனான் எண்டு நினையாதையும். பின்னாலை இருந்து அவனுக்குத் தெம்பு குடுக்கிறது நான்தான். அந்த றோட்டிலை ஒரு வீடு வாசல் இல்லை, மரமும் பாறையும் ஏரியுந்தான். பேச்சுத்துணை இல்லாட்டி ஆளுக்கு நித்திரை வந்திடும். அதாலை கதை சொல்லுவன். கொழும்பு லொட்ஜிலை இருந்த கதை, வெளிநாட்டுக்கு அனுப்புற ஏஜென்சிக்காரன் மொஸ்கோவிலை விட்டிட்டுப் போன கதை, எல்லாம் சொல்லுவன். அவன் "ஓம் அண்ணை, ஓம் அண்ணை" எண்டு கேட்டுக்கொண்டு வருவான். அப்பிடி ஒரு கேக்கிற பிள்ளையை இனி நான் எங்கை காணப்போறன்? வீட்டை வந்து காது இரையுது எண்டு படுத்திடுவானாம், வதனி சொல்லுறவள். அது எஞ்சின் சத்தம். கன பேருக்கு அந்த வருத்தம் இருக்கு.

சொல்லும், என்ன? வதனி அக்கா சொல்லிவிட்டவவோ? அட, அவள் என்னோடை கதைக்க விருப்பமெண்டால் நல்லதுதான். ஆனா நீர் முழுக்கக் கேட்டிட்டுப் பேந்து சொல்லும். இல்லாட்டி உமக்கு ஞாயம் விளங்காது.

அவன் செத்த அண்டைக்குக் காலமை. ஏரிப் பக்கமிருந்து காத்து. ஸ்னோ மேலை இருந்து விழேல்லை, றோட்டுக்குக் குறுக்கை படுத்துக்கொண்டு ஓடுது. அவன் முன்னுக்கு, நான் பின்னாலை. என்ரயிலை பாரம் கூட, ஏத்தத்திலை கொஞ்சம் பின்தங்கிப் போனன், அவன்ர லைட் தெரியேல்லை. அதுக்கென்ன, குரல் இருக்குத்தானே. நான் கதையைத் துவங்கிறன், அவன் இடையிலை வந்து, "அண்ணை, எதிரிலை வாறவங்கள் எல்லாரும் லைட் அடிச்சுக் காட்டுறாங்கள்" எண்டான். "பொலிஸ் நிப்பான், மெதுவாப் போ" எண்டன். கவனிச்சீரோ? மெதுவாப் போ எண்டு நான் சொன்னனான். அதை மறக்காமல் வதனிட்டைச் சொல்லும்.

"இல்லை அண்ணை, கையாலையும் காட்டுறாங்கள். ஒருக்கா பத்தொன்பதுக்குப் போட்டு வரட்டே? ஒரு நிமிசம்."

"நான் கதை துவங்கியிட்டன், நீ இப்ப அங்கை போனால் நான் ஆருக்குச் சொல்லுறது?"

"சரி அண்ணை. சொல்லுங்கோ."

அதுதான் அவன் என்னோடை கதைச்ச கடைசிச் சொல்லு. சொல்லுங்கோ. எவ்வளவு மரியாதையான பிள்ளை பாரும்.

அண்டைக்குச் சொன்னது நானும் மாமாவும் வவுனியாவிலை பொம்பிளை பாக்கப் போய் வீடு மாறி ஏறின கதை. உமக்குத் தெரியாது என்ன? நல்ல கதை. தரகர் சொன்ன வீட்டு வாசலிலை நிறையச் செருப்புக் கிடக்கு. ஆக்கள் வந்திட்டினம் எண்டு மாமா விறுவிறெண்டு உள்ளை போட்டார். வாங்கோ எண்டு இருத்தினவை. தேத்தண்ணி வந்தது, பலகாரம் வந்தது. மாமா மோதகத்தை ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கித் திண்டார். திண்டு வாயைத் துடைச்சுப்போட்டு, "சரி, இனிப் பிள்ளையைக் கூப்பிடுங்கோவன், பாப்பம்" எண்டார். உள்ளுக்கை இருந்து ஒரு வயசுபோன மனிசி வெள்ளைச் சீலையோடை வருகுது. ஐசே, அது செத்தவீடு! எட்டாம் நாள் எட்டுச் செலவு நடக்குது! வந்தது செத்தவரின்ர பெண்சாதி!

ஏன் சிரிக்கிறீரில்லை? பகீரதன் அந்த இடத்திலை எப்பவும் சிரிப்பான். எத்தினை தரம் கேட்டாலும் சிரிப்பான். அதுக்காகவே நான் அந்த இடத்திலை பட்டனிலை இருந்து கையை எடுப்பன். அண்டைக்கும் எடுத்தன். சிரிப்பு இல்லை. சும்மா இரைச்சல். "டேய், உன்ர தும்புத்தடி திரும்பவும் செத்துப்போச்சோ?" எண்டு கேட்டன். மறுமொழி இல்லை. சரி, அவன்ர குரல்தான் எனக்கு வருகுதில்லை, என்ர ரெண்டு கொம்பும் நல்ல கொம்பு, என்ர குரல் அவனுக்குப் போகுந்தானே எண்டு நினைச்சு, மாமா தப்பி ஓடின மிச்சக் கதையையும் சொன்னன். கதையை அரைவாசியிலை விடேலுமே?

ஏத்தம் முடிஞ்சு இறங்க, நடு றோட்டிலை ஒருத்தன் சிவப்பா எரியிற குச்சியைப் பிடிச்சு ஆட்டிக்கொண்டு நிக்கிறான். நான் மைக்கை எறிஞ்சுபோட்டு பிரேக்கிலை ஏறி நிண்டன். ட்ரெயிலர் ஒருக்கா வாலை வீசிப்போட்டு நிண்டுது. முன்னுக்கு மரக்குத்தி ஏத்தின ட்ரக் ஒண்டு றோட்டுக்குக் குறுக்கை மடிஞ்சு கிடக்கு. அந்தக் குத்தியளுக்கை பகீரதன்ர ட்ரக் முகம் இல்லாமல் நிக்குது.

ஓடினன். விழுந்து விழுந்து ஓடினன். கதவு திறக்கேல்லை, கண்ணாடிக்குள்ளாலை பாத்தன். நான் பாத்ததை உமக்குச் சொல்லமாட்டன். வதனிக்கும் சொல்லேல்லை. ஆனா ஒண்டு சொல்லுவன். மைக் அவன்ர கையிலை இருந்தது. விரல் பட்டனிலை இருந்தது. பாத்தீரோ? கூப்பிட்டிருக்கிறான். என்ர பிள்ளை என்னைக் கூப்பிட்டிருக்கிறான். அந்த நாசமாப்போன தும்புத்தடி அவன்ர குரலைத் தள்ளேல்லை. இரும்பிலை சோடியாப் பூட்டியிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும். நான் ஏதாவது சொல்லியிருப்பன். இதுதான் ஐசே என்ர வழக்கு. வேறை ஒண்டும் இல்லை.

ஒரு வயசுபோன வெள்ளைக்காரன் அந்தக் குச்சியோடை நிண்டவன். மரக்குத்தி ட்ரக் மடிஞ்ச உடனை துவங்கிப் பத்தொன்பதிலை கத்திக் கத்தித் தன்ர தொண்டை அடைச்சுப்போச்சு, மற்ற எல்லா ட்ரக்கும் நிண்டிட்டுது, இந்த ரெண்டு ட்ரக்கும் மட்டும் ஏன் கேக்கேல்லை எண்டு பொலிசிட்டைக் கேட்டவனாம். அவனுக்கென்ன தெரியும் எங்கட சங்கதி. குரங்கு மாதிரிக் கத்தினவங்களும் அவன்ர ஆக்கள்தானே.

செத்தவீட்டிலை நான்தான் எல்லாம் முன்னுக்கு நிண்டு செய்தது. எல்லாருக்கும் அன்ரெனா விஷயத்தை விளங்கப்படுத்தினன், சவப்பெட்டிக்குப் பக்கத்திலை நிண்டே விளங்கப்படுத்தினன், மற்றப் பிள்ளையளாவது தப்பட்டும் எண்டு. வதனி எழும்பி உள்ளை போயிட்டாள். அண்டையோடை கதை நிண்டுபோச்சு. பிள்ளையளுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு போனால் கதவைச் சங்கிலியோடை திறந்து, சாமானை வாங்கி, சாத்திப்போடுறாள். என்ர முகத்தைப் பாக்கிறாளில்லை. சின்னனிலை அம்மை போட்டுக் கிடக்கேக்கை வேப்பமிலையாலை தடவிவிட்டது நான். அந்தக் கைக்கு இப்ப கதவுச் சங்கிலி.

அவளுக்கு அத்தாட்சி காட்டுவம் எண்டு, நொருங்கின ட்ரக்கைப் போட்டிருந்த யார்டுக்குப் போய் அந்த அன்ரெனாவைக் கழட்டிக்கொண்டு வந்தன். ட்ரக் முழுக்கச் சப்பளிஞ்சு கிடக்கு, அது ஒரு கீறல் இல்லாமல் நிக்குது, அவ்வளவு கொழுப்பு. என்ர ட்ரக்கிலை பூட்டி மீற்றர் வைச்சுப் பாத்தன். முள்ளு நல்ல இடத்திலை நிக்குது. திரும்பத் திரும்பப் பாத்தன், அப்பிடியேதான் நிக்குது. மீற்றருக்கு என்ன தெரியும்? மீற்றரே அண்டைக்கு அந்தக் காத்துக்கை நிண்டது?

மற்ற ரெண்டு பொடியளும் இப்ப பத்தொன்பதிலை நிக்கிறாங்கள். என்னைக் கண்டால் கையைக் காட்டுவாங்கள், முப்பத்திநாலுக்கு வரமாட்டாங்கள். நான் தனியத்தான். ஆனாலும் வாவா தாண்டினால் மைக்கை எடுத்து ஏதாவது கதைச்சுக்கொண்டுதான் போறன். குறுக்கை ஒருத்தரும் வாறதில்லை. நீர் நல்ல அன்ரெனாவாப் பூட்டினால் அங்கை வரலாம். வாரும் ஐசே. கதையள் கனக்கக் கிடக்கு.

சரி, நான் முடிச்சிட்டன். இப்ப சொல்லும். வதனி என்ன சொல்லிவிட்டவள்? திவசத்துக்கு வரட்டாம் எண்டோ?

என்னது?

ஓ. அந்த வெள்ளைக்காரன் அவளுக்கு ஃபோன் எடுத்தவனோ. ம். இவன் குத்தியளுக்குள்ளை கிடக்கேக்கை அவன் ஏறிப்போய்க் கண்ணாடிப் பக்கத்திலை கூட நிண்டவனோ? உயிர் இருந்ததாமோ? எவ்வளவு நேரம்? எனக்கு உது ஒருத்தரும் சொல்லேல்லையே. ம்... ம்... றேடியோவிலை ஒரு ஆம்பிளைக் குரல் சிரிச்சுச் சிரிச்சுக் கதைச்சுக்கொண்டே இருந்ததாமோ. பகீரதன் பட்டனை அமத்தி அமத்தி ஏதோ சொல்லப் பாத்தவனாம், அந்தக் குரல் விடேல்லையாமோ. அந்தக் குரல் என்ன சொல்லிக்கொண்டிருந்தது எண்டு வதனி அறியோணுமாம். அதைச் சொன்னால்தான் திவசத்துக்கு வரலாமாம். அப்பிடியோ?

பாரும், கடவுள் இருக்கிறார். நான் ஒரு வருசமாப் படுற வேதனை உமக்குத் தெரியாது. அந்தப் பிள்ளை அந்தக் குளிருக்கை தனியக் கிடந்து செத்திருக்குமே எண்டு நினைச்சு நினைச்சு என்ர நெஞ்சு வெடிக்கிறது. இப்பதான் எனக்கு மூச்சு வருகுது. போய்ச் சொல்லும். ஓடிப்போய்ச் சொல்லும் அவளிட்டை. அவன் தனியச் சாகேல்லை எண்டு சொல்லும். நான் கடைசிவரைக்கும் அவனோடை கதைச்சுக்கொண்டுதான் இருந்தனான், ஒரு கணமும் விடேல்லை, ஒரு சொல்லும் பிசகாமல் அவனுக்கு வடிவாக் கேட்டது எண்டு சொல்லும்.